எதிர்வெயிலில் வண்டி ஓட்டுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் திருச்சியில் குடியிருந்து தஞ்சாவூரில் பணியாற்றுகிறேன். காலை ஆறே முக்காலுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய், மாலை ஐந்தரைக்குத் திரும்புகிறேன். போகும்போதும் வெயில் முகத்தில் அடிக்கிறது, வரும்போதும் அடிக்கிறது. என் மைத்துனர் தஞ்சாவூரில் குடியிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகிறார். அதே சாலைதான், ஏறக்குறைய அதே நேரந்தான். ஆனால் அவருக்கு இந்தத் தொல்லையே இல்லையாம். என் கண்ணில் ஏதேனும் குறை இருக்குமா?
– திருச்சி வாசகர்

பதில்: கண்ணை ஒரு முறை மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், காரணம் கண்ணில் இல்லை, உங்கள் வீடு இருக்கும் திசையில் இருக்கிறது. திருச்சியும் தஞ்சாவூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் கிழக்கு மேற்காக அமைந்த ஊர்கள். அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் திருவாரூரைத் தொட்டு நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடலாம். வேலை செய்யும் ஊருக்கு மேற்கே குடியிருப்பவர் காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் வண்டி ஓட்டுகிறார். ஆகவே இரு வேளையும் சூரியன் அவருக்கு எதிரில் நிற்கிறது. கிழக்கே குடியிருப்பவருக்கு இரு வேளையும் வெயில் முதுகில் விழுகிறது. உங்கள் மைத்துனர் செய்த புண்ணியம் அவ்வளவுதான். சென்னையிலும் இதே நிலைதான். கிழக்கே கடல் இருப்பதால் மேற்குப் புறநகர்களிலிருந்து நகருக்குள் வேலைக்கு வருபவர்கள் ஏராளம். ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வரும் அவர்கள் எல்லாரும் உங்களைப் போலவே இரு வேளையும் எதிர்வெயிலில் ஓட்டுகிறார்கள். நகருக்குள் குடியிருந்து ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் உங்கள் மைத்துனரைப் போன்றவர்கள்.

இதில் மாதக் கணக்கும் உண்டு. மார்ச் 20ஐ ஒட்டியும் செப்டம்பர் 22ஐ ஒட்டியும்தான் சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது, ஜூன் மாதக் கடைசி வாரங்களில் அது ஏறக்குறைய 24 பாகை வடக்கே விலகியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே விலகியும் உதிக்கிறது. குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் சூரியக் கதிர் கருவறை வரை சென்று லிங்கத்தின் மீது விழும் சிவாலயங்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கோயில் வாசல் நோக்கும் திசைக்கு நேராகச் சூரியன் வந்து நிற்கும் நாள்கள் அவை. சாலைக்கும் அதே கணக்குதான். நீங்கள் போகும் சாலை கிழக்கு மேற்காகக் கிடப்பதால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெயில் சாலையின் நடுக்கோட்டுக்கு நேராக வந்து நிற்கும். சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையிலான சாலை சற்றே தென்மேற்காகச் சாய்ந்திருப்பதால் அங்கே கார்த்திகை முதல் தை வரையிலான மாலைகள்தான் கடுமையானவை. உங்கள் சாலை எந்தத் திசையில் போகிறது என்பதைக் கைப்பேசி வரைபடத்தில் ஒரு முறை பார்த்துக்கொண்டால், எந்த மாதங்களில் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் ஊரில் சூரியன் செங்குத்தாக, விரைவாக மேலேறிவிடுகிறது. மார்ச் மாதத்தில் உதித்த ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 15 பாகையும், ஒன்றரை மணி நேரத்தில் 20 பாகைக்கு மேலும் ஏறி, சன் வைசருக்கும் காரின் கூரைக்கும் பின்னால் மறைந்துவிடுகிறது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் சூரியன் மணிக்கணக்கில் அடிவானத்தை ஒட்டியே நகர்வதால் அங்கே ஓட்டுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே காலையில் முக்கால் மணி நேரம் தாமதமாகப் புறப்படுவதற்கு அலுவலகம் இடம் கொடுத்தால், அதைவிட நல்ல தீர்வு வேறில்லை. மாலையில் சூரியன் மறையும் வரை அலுவலகத்திலேயே இருந்துவிட்டுப் புறப்படுங்கள். அதற்கு வழியில்லாதபோது, நடுவழியில் வெயில் தாழ்ந்து கண்ணை மறைக்கத் தொடங்கினால், ஒரு தேநீர்க் கடையில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். வீட்டுக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போவதில் இழப்பு எதுவும் இல்லை.

கேள்வி: ஆலைப் பணிக்காக நாள்தோறும் காலையில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கி இருசக்கர வாகனத்தில் போகிறேன். வெயில் எனக்குப் பின்னால்தான் இருக்கும். சாலை எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆனாலும் சென்ற மாதம், எதிரே வந்த வேன் ஒன்று எனக்கு வழிவிடாமல் என் முன்னாலேயே வலப்பக்கம் திரும்பிவிட்டது. நான் வருவதே தெரியவில்லை என்று ஓட்டுநர் சொன்னார். பட்டப்பகலில் அது எப்படி ஐயா தெரியாமல் போகும்?
– பூந்தமல்லி வாசகர்

பதில்: அவர் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். உங்களுக்கு முதுகில் விழுந்த வெயில் அவருக்கு முகத்தில் விழுந்திருக்கிறது. இரண்டு முகப்பு விளக்குகளும் அகன்ற உடலும் கொண்ட லாரியே அந்த ஒளியில் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஒற்றையாளாக வரும் இருசக்கர வாகனம் அதில் கரைந்தே போய்விடும். தனக்கு நன்றாகத் தெரிகிறது என்பதாலேயே மற்றவர்களுக்கும் தான் தெரிவதாக நினைத்துக்கொள்வது இயல்பு. இந்த விஷயத்தில் எல்லாரும் தவறவிடுவது இதைத்தான் என்பேன்.

இதைத் தெரிந்துகொள்ள எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. உங்கள் நிழல் உங்களுக்கு முன்னால் நீளமாக விழுந்திருந்தால், எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் திரும்ப மாட்டார், காத்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். சந்திப்புகளில் வேகத்தைக் குறைத்து, அவர் தன் வேகத்தைக் குறைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கடந்து போங்கள். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்பது விதி. பகலில் எதற்கு விளக்கு என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு உங்கள் அனுபவமே பதில். உங்கள் வண்டி அதற்கு முந்தையதானால் நீங்களே விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கார் ஓட்டுபவர்களும் இந்த நேரத்தில் முகப்பு விளக்கை டிம்மில் எரியவிட வேண்டும்.

வெயில் பின்னால் இருக்கும்போது உங்கள் கண்ணும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தாழ்ந்த வெயில் நேராகப் போய் விழுவதால் சிக்னலில் சிவப்பு எரிகிறதா பச்சை எரிகிறதா என்பதும், முன்னே போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிகிறதா என்பதும் சட்டென்று புலப்படாது. ஆகவே பிரேக் விளக்கை நம்பியிராமல், முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வழக்கத்தைவிடக் கூடுதலாக இடைவெளி விடுங்கள்.

கேள்வி: அண்மையில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மேம்பாலத்தின் உச்சியை அடைந்ததும் திடீரென்று வெயில் கண்ணில் அடித்து எதுவுமே தெரியாமல் போய்விடுகிறது. அந்த நொடியில் பிரேக்கை அழுத்திவிடலாமா?
– கோவை வாசகி

பதில்: அழுத்தி மிதிக்கக் கூடாது. உங்கள் பின்னால் வருபவருக்கும் அதே நொடியிலோ அடுத்த நொடியிலோ கண் கூசும். நீங்கள் சட்டென்று நின்றால் அவர் உங்கள் மீது வந்து மோதுவார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மென்மையாகத் தொட்டு, பின்னால் வருபவர் உணரும்படி படிப்படியாக வேகத்தைக் குறைப்பதே முறை. பார்வையைச் சூரியன் மீது வைக்காமல், சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கோ நடைமேடை விளிம்புக்கோ இறக்கி, அதையே துணையாகப் பிடித்துக்கொண்டு வண்டியை நேராகச் செலுத்துங்கள். அப்படியும் தெரியவில்லையென்றால், பாலத்திலிருந்து இறங்கியதும் இண்டிகேட்டர் போட்டு, சாலையை விட்டு முழுவதுமாக இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். நான்கு இண்டிகேட்டர்களையும் ஒன்றாக எரியவிடுவது நின்ற பிறகுதான்; ஓடும்போது எரியவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது யாருக்கும் தெரியாது.

ஆனால் இவையெல்லாம் கண் கூசிய பின் செய்பவை. அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், தை மாத அறுவடைக் காலத்தில், நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் நோக்கி மாலை வேளையில் வந்துகொண்டிருந்தேன். வழி தெரிந்த சாலை, எதிரே வண்டி எதுவும் இல்லை என்ற எண்ணத்தில் அறுபதில் ஓட்டினேன். திடீரென்று காருக்குள் வெளிச்சம் குறைந்து குளுமையானது. என்னவென்று புரிவதற்குள், எனக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையிலேயே நின்றிருப்பது தெரிந்தது. அதன் நிழலுக்குள் என் கார் நுழைந்த பிறகுதான் அது என் கண்ணுக்குப் பட்டது. சூரியன் 5 பாகை உயரத்தில் இருக்கும்போது மூன்றரை மீட்டர் உயரமுள்ள வைக்கோல் பாரத்தின் நிழல் 40 மீட்டர் நீளும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், மூளை உணர்ந்து கால் பிரேக்கை அடையும் ஒரு விநாடியையும் சேர்த்து, உலர்ந்த சாலையில் நிற்பதற்கு ஏறக்குறைய 36 மீட்டர் எடுத்துக்கொள்ளும். அன்று என்னையும் அந்த டிராக்டரின் மீது உட்கார்ந்திருந்த இருவரையும் காப்பாற்றியது அந்த நான்கு மீட்டர்தான். எண்பதில் வந்திருந்தால் நிற்க 55 மீட்டருக்கு மேல் தேவைப்பட்டிருக்கும்.

கண்ணுக்கு எவ்வளவு தூரம் உறுதியாகத் தெரிகிறதோ அந்தத் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். எதிர்வெயிலில் 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால் நாற்பதைத் தாண்டக் கூடாது. மேம்பாலத்தின் உச்சி, புளியமரங்களின் நிழல் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடம், சாலை மேற்கே திரும்பும் வளைவு ஆகிய இடங்களில் வெயில் எதிர்ப்படும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான்; உச்சியை அடையும் முன்பே சன் வைசரை இறக்கி, வேகத்தைக் குறைத்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழை விட்டு மாலையில் வெயில் அடித்தால், ஈரச் சாலையே கண்ணாடியாகி ஒளியைத் திருப்பியடிக்கும். அப்போது மேலிருந்து வரும் ஒளியைச் சன் வைசர் மறைத்தாலும் கீழிருந்து வருவதை மறைக்காது.

வானம் தெளிவாக இருந்தால் ஓட்டுவது பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கனடாவின் டொரண்டோவில், உயிருக்கு ஆபத்தான சாலை விபத்துகளில் சிக்கி மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துச் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, வெயில் பளிச்சென்று அடிக்கும் வேளைகளில் அத்தகைய விபத்துகள் 16 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. மழையில் நாம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம். வெயிலில் அப்படிச் செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை.

கேள்வி: எந்தக் கூலிங் கிளாஸ் வாங்கலாம்? கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் கண் கூசுவது குறையுமா?
– மதுரை வாசகர்

பதில்: கூலிங் கிளாஸ்களை அவை உள்ளே விடும் ஒளியின் அளவைக் கொண்டு 0 முதல் 4 வரை வகைப்படுத்தியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் பகல் நேர ஓட்டத்துக்கு 3ஆம் வகை பொருத்தமானது. அது 8 முதல் 18 விழுக்காடு ஒளியை உள்ளே விடும். 4ஆம் வகை பனிமலைகளுக்கும் அதுபோன்ற இடங்களுக்கும் உரியது; வண்டி ஓட்டும்போது அதை அணியக் கூடாது. போலராய்டு கண்ணாடி, சாலையிலிருந்தும் முன்னே போகும் காரின் பின்கண்ணாடியிலிருந்தும் பட்டுத் திரும்பும் பளபளப்பைச் சிறப்பாகத் தடுக்கும். ஆனால் நேராகக் கண்ணுக்குள் வரும் சூரிய ஒளியைச் சாதாரணக் கூலிங் கிளாஸைவிட அதிகமாகத் தடுத்துவிடாது. வெயிலில் தானாகக் கறுக்கும் பவர் கண்ணாடியைக் காருக்குள் நம்ப வேண்டாம். அது புற ஊதாக் கதிரால் கறுப்பது, முன்கண்ணாடியோ அந்தக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. எந்தக் கூலிங் கிளாஸானாலும் சுரங்கப் பாதைக்குள் நுழையும்போதும் சூரியன் மறைந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஃபிலிம் இதற்குத் தீர்வல்ல. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட்டாக வேண்டும். கறுப்பு ஃபிலிம்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் உறுதியான உத்தரவும் பிறப்பித்தது. பக்கக் கண்ணாடியைக் கறுப்பாக்கினாலும் எதிர்வெயில் வருவது முன்கண்ணாடி வழியாகத்தானே! பக்கவாட்டு வெயிலுக்குச் சன் வைசரைக் கொக்கியிலிருந்து விடுவித்துக் கதவுப் பக்கம் திருப்பிக்கொள்ளும் வசதி பெரும்பாலான கார்களில் உண்டு. பலரும் அதைப் பயன்படுத்துவதே இல்லை. குள்ளமாக இருப்பவர்கள் இருக்கையைச் சற்று உயர்த்திக்கொண்டால் சன் வைசரின் நிழல் கண் வரை வந்து சேரும்.

இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கறுப்பு வைசர் மட்டுமே உள்ள தலைக்கவசத்தோடு மாலையில் புறப்பட்டால், இருட்டியதும் வைசரைத் தூக்கிவிட்டுப் பூச்சியும் தூசியும் கண்ணில் விழ ஓட்ட வேண்டியிருக்கும். உள்ளே தனியாக இறக்கி ஏற்றும் கறுப்புக் கண்ணாடியும், வெளியே நிறமற்ற வைசரும் உள்ளது சிறந்தது.

கேள்வி: கண்ணாடியைத் தினமும் துடைத்தும், வெயில் எதிரே வரும்போது வெள்ளைத் திரை விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஏன்?
– சேலம் வாசகர், வாடகைக் கார் ஓட்டுநர்

பதில்: வெளிப்பக்கத்தைத் துடைக்கிறீர்கள், உட்பக்கத்தையும் துடைக்கிறீர்களா? வெயிலில் நிற்கும் காருக்குள் டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி, ஏசி காற்றோடு வரும் தூசு, நாள்தோறும் காலையில் சாமி படத்துக்குக் காட்டும் ஊதுபத்திப் புகை ஆகியவை சேர்ந்து முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலமாகப் படிகின்றன. நிழலில் பார்த்தால் தெரியாது. தாழ்ந்த வெயில் பட்டதும் அந்தப் படலம் முழுவதும் ஒளியைச் சிதறடித்து வெள்ளைத் திரையாகிவிடும். ஊதுபத்தியைக் காருக்கு வெளியே ஏற்றிக் காட்டிவிட்டு அணைத்துவிடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. வாரத்துக்கு ஒரு முறை, நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, தூய பருத்தித் துணியால் உட்புறத்தைத் துடைத்து, பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறையும் உலர்ந்த துணியால் ஒரு முறையும் துடையுங்கள்.

வெளிப்புறத்தில் புழுதி இருக்கும்போது நீர் தெளிக்காமல் வைப்பரை ஓட்டாதீர்கள். அது மணலைத் தேய்த்து வில்வடிவக் கீறல்களைப் போட்டுவிடும். டிப்பர் லாரிகளின் பின்னால் தொடர்ந்து ஓடும் வண்டிகளில் மணல் தெறித்துக் கண்ணாடி முழுவதும் ஊசிமுனை அளவுக் குழிகள் விழும். அவற்றை எதைக் கொண்டு துடைத்தாலும் போக்க முடியாது, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். டேஷ்போர்டை மினுக்கும் பாலிஷையும், அதன் மேல் வெள்ளைத் துண்டு, ரசீதுப் புத்தகம் ஆகியவற்றை வைப்பதையும் விட்டுவிடுங்கள். அவற்றின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து, அதற்குப் பின்னால் நடந்து போகிறவரை மறைத்துவிடும்.

கேள்வி: எனக்கு 63 வயது. கண் பரிசோதனையில் எழுத்துகளைச் சரியாகப் படித்துவிடுகிறேன். ஆனால் வெயிலில் ஓட்டும்போது மட்டும், கண் கூசினால் தெளிய வெகுநேரம் ஆகிறது.
– திருநெல்வேலி வாசகர்

பதில்: வயது கூடக் கூடக் கண்ணின் லென்ஸ் தெளிவை இழந்து, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கிறது, கூசிய கண் தெளிவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம் என்பதால் அந்தக் கூடுதல் விநாடிகள் சாதாரணமானவை அல்ல. லென்ஸின் பின்புறத்தில், நடுவில் தொடங்கும் கண்புரை ஒன்று உண்டு. பரிசோதனை அறையின் மங்கிய ஒளியில் பாவை, அதாவது கண்ணுக்குள் ஒளி நுழையும் நடுத்துளை, விரிந்திருக்கும்போது புரையைச் சுற்றியுள்ள தெளிவான பகுதி வழியாகப் பார்த்துவிடலாம். வெயிலில் பாவை சுருங்கியதும் புரை நேராகக் குறுக்கே வந்துவிடும். எழுத்துகளைப் படிக்க முடிகிறது என்பதோடு நிறுத்திவிடாமல், வெயிலில் ஓட்டும்போது மட்டும் தெரியவில்லை என்பதை மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். புரை என்றால் அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்க்கும் வரை, காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. மாலை நாலரை மணிக்குப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்?
– தஞ்சாவூர் மாவட்ட ஆசிரியை

பதில்: நிழலைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், சிறு பிள்ளைகளுக்கும் அது புரியும். சாலையோரத்தில் நின்று, வண்டிகள் வரும் பக்கம் முகத்தைத் திருப்பும்போது தன் நிழல் தனக்கு முன்னால், வண்டியை நோக்கி விழுந்திருந்தால், அந்த வண்டிக்காரருக்குத் தன்னைத் தெரியாது என்று பொருள். கையைக் காட்டினாலும் தெரியாது. அந்தப் பக்கத்து வண்டிகள் போய் முடியும் வரை, அல்லது அவை முழுவதுமாக நின்றுவிடும் வரை காத்திருக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறைவதால் பள்ளி விடும் நேரமும் வெயில் தாழும் நேரமும் நெருங்கி வந்துவிடும்; அந்த இரு மாதங்களிலாவது, பிள்ளைகளைத் தனித்தனியே விடாமல் கூட்டமாகச் சேர்த்து, பெரியவர் ஒருவர் பளிச்சென்ற நிறத்துணி கட்டிய கோலோடு முன்னே இறங்கி நின்று கடத்திவிடுவது நல்லது. அவர் நிற்க வேண்டியது மேற்கு நோக்கி வரும் வண்டிகளின் பக்கம். சாலையோரத்தில் மரநிழல் தொடர்ச்சியாக விழும் இடம் அருகில் இருந்தால், கடக்கும் இடத்தை அங்கே மாற்றித் தரும்படி ஊராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். நிழலுக்குள் வந்ததும் ஓட்டுநரின் கண் தெளிந்து, பிள்ளைகள் அவர் பார்வையில் பட்டுவிடுவார்கள்.